லாரிக்குக் கெட்ட நேரம் எது?

புது லாரி செட்டை விட்டு இறங்கும்போது முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ராகு காலம், எமகண்டம் கழித்துத்தான் சாவியைத் திருப்புவார்கள். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் நேரம் பார்க்காமல் வண்டி எடுக்கும் முதலாளியைக் காண்பது அரிது. அப்படி நல்ல நேரத்தில் கிளம்பிய வண்டி, விடியுமுன் 3 மணிக்கு எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருக்கும், அதை ஓட்டுபவர் எத்தனை மணி நேரமாகக் கண் மூடாமல் இருப்பார் என்று மட்டும் எந்தப் பஞ்சாங்கமும் கணித்துச் சொல்வதில்லை.

லாரிக்குக் கெட்ட நேரம் எது என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். விபத்துப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் காவல் ஆய்வாளர், மாலை 6 முதல் 9 என்பார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த ஓட்டுநர், விடியக்காலம் 3-லிருந்து 5 என்பார். அமெரிக்க அரசின் லாரி விபத்து அறிக்கையைப் புரட்டினால், உயிர்ப்பலி விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காலை 6-க்கும் மாலை 6-க்கும் இடையே, பெரும்பாலும் வாரநாட்களில் நடப்பதாகப் போட்டிருக்கும். மூன்று பதிலுமே சரிதான். ஒரே கேள்விக்கு எப்படி மூன்று சரியான பதில்கள் இருக்க முடியும்? கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நேரத்தைப் பற்றிய கேள்வி ஆளைப் பற்றிய கேள்வியாக மாறுவது தெரியும்.

எண்ணிக்கையும் விகிதமும்

முதல் குழப்பம் கணக்கில் இருக்கிறது. பகல் 11 மணிக்கு ஒரு நெடுஞ்சாலையில் ஆயிரம் வண்டிகள் ஓடினால், அதிகாலை 3 மணிக்கு நூறுதான் ஓடும். பகலில் ஐந்து விபத்து, அதிகாலையில் இரண்டு என்றால், பதிவேட்டில் பகல்தான் ஆபத்தான நேரம். வண்டிக்கு இத்தனை என்று வகுத்தால், அதிகாலையின் ஆபத்து பகலைப்போல நான்கு மடங்கு. (இவை விளக்கத்துக்காகச் சொன்ன எண்கள்.) விபத்தின் எண்ணிக்கை எல்லா நாட்டிலும் கிடைக்கும். எந்த மணிக்கு எத்தனை லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்குதான் அபூர்வம்.

அந்தக் கணக்கு கிடைத்த இடங்களில் படம் தலைகீழாகிவிடுகிறது. ஸ்வீடனின் தூக்க ஆய்வாளர் ஆகர்ஸ்டெட்டும் அவருடைய சகாக்களும் அந்நாட்டு நெடுஞ்சாலை விபத்துகளை மணிவாரியான போக்குவரத்தோடு ஒப்பிட்டு, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். குடிபோதை விபத்துகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் உச்சம் அதிகாலை 4 மணியில்தான் நின்றது. அந்த நேரத்தில் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து பகலைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். இது லாரி மட்டுமல்லாமல் எல்லா வண்டிகளுக்குமான கணக்கு. ஆனால் அந்த நேரத்தில் சாலையில் அதிகம் ஓடுவது எது என்பதை இரவில் பயணம் செய்த எவரும் அறிவர்.

எண்ணிக்கை, விகிதம் இரண்டோடு தீவிரம் என்ற மூன்றாவது அளவும் இருக்கிறது. அமெரிக்காவில் லாரிகள் சிக்கிய, வண்டிக்கு மட்டும் சேதமான மோதல்களில் சுமார் ஐந்தில் ஒன்றுதான் மாலை 6-க்கும் காலை 6-க்கும் இடையே நடக்கிறது. உயிர் போகும் விபத்துகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் நடக்கிறது. பகலில் வண்டிகள் அடிக்கடி உரசிக்கொள்கின்றன. இரவில் குறைவாக மோதுகின்றன, மோதினால் ஆள் மிஞ்சுவது கடினம்.

இந்திய அரசின் ஆண்டறிக்கை நாளை மூன்று மூன்று மணி நேரமாக எட்டாக வெட்டுகிறது. நம் அகப்பொருள் இலக்கணம் நான்கு நான்கு மணி நேரமாக ஆறு சிறுபொழுதாகப் பிரித்தது. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு. இந்தப் பழைய பிரிப்பு லாரி விபத்துக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. மனித உடல் தூக்கத்தில் சரியும் இரண்டு பள்ளங்களும் வைகறை, எற்பாடு என்ற இரண்டு பொழுதுகளுக்குள் அப்படியே அடங்குகின்றன. எனவே பொழுது பொழுதாகவே பார்க்கலாம்.

வைகறை: 2 முதல் 6 வரை

நம் மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடலின் நாள்கடிகாரம் அதுதான். உடல் வெப்பத்தையும் விழிப்பையும் சுரப்பிகளையும் அது ஏறி இறங்கச் செய்கிறது. பெரும்பாலோருக்கு வெப்பம் அடிமட்டத்தைத் தொடுவது அதிகாலை 4, 5 மணியளவில். உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கடிகாரம் மட்டும் தூக்கத்தைத் தீர்மானிப்பதில்லை. ஸ்விட்சர்லாந்தின் போர்பெலி 1982-ல் முன்வைத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கக் கடன் ஏறிக்கொண்டே போகும், தூங்கினால்தான் அடையும். அது ஒரு கணக்கு. கடிகாரத்தின் ஏற்ற இறக்கம் இன்னொரு கணக்கு. பகலில் கடன் ஏறினாலும் கடிகாரம் தாங்கிப் பிடிக்கும். வைகறையில் கடனும் உச்சத்தில் இருக்கும், கடிகாரமும் கையை விட்டுவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் காலை வாரும் வேளை அது.

லாரி ஓட்டுநர்களை நேரடியாக அளந்த பெரிய ஆய்வு 1990-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது. 80 ஓட்டுநர்கள் வழக்கமான சரக்கோடு வழக்கமான சாலையில் ஓட்டினார்கள். ஓட்டும்போது முகத்தை வீடியோ பிடித்தார்கள், தூங்கும்போது மூளை அலையைப் பதிந்தார்கள். எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினார்கள் என்பதைவிட, எந்த நேரத்தில் ஓட்டினார்கள் என்பதே அசதியை அதிகம் தீர்மானித்தது என்று 1996-ல் வந்த அறிக்கை சொன்னது. தொடர்ச்சியான மணிக்கணக்கை மட்டுமே கட்டுப்படுத்திவந்த சட்டங்களுக்கு அது பெரிய இடி.

அதே ஓட்டுநர்களின் தூக்கத்தை மிட்லர் குழுவினர் 1997-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒரு நாளைக்கு 7 மணி நேரம் தூங்கினால் போதும் என்று சொன்னவர்கள், உண்மையில் தூங்கியது சராசரியாக 4.78 மணி நேரம். இரவிலேயே ஓட்டிய பிரிவினர் நான்கு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. பகலில் படுக்கையைப் போட்டாலும் கடிகாரம் தூங்க விடுவதில்லை. எனவே இரவு ஓட்டத்தின் ஆபத்து அந்த ஓர் இரவோடு முடிவதில்லை, மறுநாள் தூங்க முடியாத பகல் வழியாக அடுத்த இரவுக்கும் சென்று சேர்கிறது. வீடியோவில் கண் சொக்கிய துண்டுகளை எண்ணியபோது, அவற்றில் பாதிக்கும் மேல் வெறும் 8 பேருடையவை. அசதி ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுகிறது. "நான் முப்பது வருஷமா ஓட்டுறேன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் அந்த எட்டுப் பேரில் ஒருவரில்லை, அவ்வளவுதான்.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி நொடிக்கு 22 மீட்டர் போகும். நான்கு நொடி கண் அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர். அந்தத் தூரத்தை யாருமே ஓட்டாத வண்டி கடக்கிறது. தூக்க விபத்தின் அடையாளமும் இதுதான். தரையில் டயர் தேய்ந்த கோடு இருக்காது, பிரேக்கே மிதிபட்டிருக்காது. 2020 பிப்ரவரி 20, விடியுமுன், அவிநாசி அருகே. கொச்சியிலிருந்து டைல்ஸ் ஏற்றிச் சேலம் நோக்கி வந்த கன்டெய்னர் லாரி சாலையின் நடுத் தடுப்பைத் தாண்டி எதிர்த்திசையில் பாய்ந்தது. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் பக்கவாட்டைக் கிழித்தது. 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர் கண் அசந்திருக்கலாம் என்ற சந்தேகம் விசாரணையில் எழுந்தது. நாம் பிரம்ம முகூர்த்தம் என்று போற்றும் வேளைக்குச் சற்று முன்பின்னாகவே இப்படிப்பட்ட செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

நண்பகலும் எற்பாடும்

பகல் லாரி விபத்துகளுக்குத் தூக்கத்தைவிட நெரிசல் முக்கியக் காரணம். வண்டிகளில் கேமரா பொருத்தி மாதக்கணக்கில் பதிவுசெய்த அமெரிக்க ஆய்வுகளில், மோதலை நூலிழையில் தவிர்த்த தருணங்கள் வண்டிகள் மிகுந்த நேரத்தில்தான் குவிந்தன. குறுக்கே வெட்டும் கார், திடீரென்று நிற்கும் வரிசை, வலது இடதாக நுழையும் வண்டி. கண் விழித்திருக்கும் ஓட்டுநருக்குக்கூட 40 டன் எடையை நிறுத்தத் தூரம் வேண்டும். அந்தத் தூரம் பகலில் கிடைப்பதில்லை. இடித்தால் இழப்பு யாருக்கு என்பதும் தெரிந்ததே. அமெரிக்காவில் லாரி விபத்தில் இறப்பவர்களில் பத்தில் ஏழு பேர் மற்ற வண்டிகளில் இருந்தவர்கள்.

எற்பாட்டில், பகல் 2 மணிக்கு மேல், இரண்டாவது பள்ளம் வருகிறது. மதியச் சாப்பாட்டைக் குற்றம் சொல்வது நம் வழக்கம். சோறு உண்ணாதவருக்கும் இந்தச் சரிவு உண்டு, அது கடிகாரத்தின் இன்னொரு இறக்கம். பிரிட்டனின் ஹார்னும் ரெய்னரும் தூக்கத்தால் நேர்ந்த விபத்துகளைத் தனியே பிரித்து 1995-ல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று உச்சங்களைக் காட்டினார்கள்: அதிகாலை 2 மணி, காலை 6 மணி, மாலை 4 மணி. அதே ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் பேக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்கள் தூங்கி மோதியது பெரும்பாலும் இரவில், முதியவர்கள் பிற்பகல் 3 மணிவாக்கில். இரவு ஓட்டத்துக்கு இளசு, பகல் ஓட்டத்துக்குப் பெருசு என்று பிரித்து அனுப்பும் முதலாளி, தெரியாமலே இருவரையும் அவரவர் பள்ளத்தில் தள்ளுகிறார்.

நம் ஊர்ப் பிற்பகலுக்கு வெக்கை என்ற கூடுதல் சுமையும் உண்டு. இன்ஜின் சூடு காலடியில், வெயில் கண்ணாடியில். நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதி 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்குத்தான். ஏற்கெனவே ஓடும் லட்சக்கணக்கான லாரிகளில் மே மாதப் பிற்பகல் பழையபடியே கழியும்.

மாலையும் யாமமும்

இந்தியாவில் 2022-ல் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 சாவுகள். எல்லா வண்டிகளையும் சேர்த்த கணக்கில், மாலை 6 முதல் 9 வரையான மூன்று மணி நேரம் ஆண்டுதோறும் முதலிடம் பிடிக்கிறது. நாள் முழுதும் நடக்கும் விபத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்த நேரத்தில். அமெரிக்கப் படத்திலிருந்து நம் படம் விலகும் இடம் இது. காரணம், இறப்பவர் யார் என்பதில் இருக்கிறது. அந்த ஆண்டு இறந்தவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டமும், இருட்டத் தொடங்கும் சாலையும், நகரத் தடை நீங்கக் காத்திருந்து கிளம்பும் லாரியும் ஒரே நேரத்தில் சந்திக்கின்றன. ஓட்டுநருக்குத் தூக்கம் வரும் நேரமே அல்ல அது. உடல் கடிகாரம் முன்னிரவில் விழிப்பைத் தூக்கிப் பிடிக்கிறது, படுத்தாலும் தூக்கம் வராது. அவர் பார்க்கிறார், ஆனால் அவருக்குத் தெரிவதில்லை.

வெளிச்சத்தின் பங்கை மட்டும் தனியே பிரிப்பது எப்படி? சல்லிவன், ஃபிளானகன் என்ற ஆய்வாளர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். அந்த வாரத்தில் மாலை 6 மணியின் போக்குவரத்து அதேதான், ஒளி மட்டும் மாறிவிடும். அப்படி ஒப்பிட்டதில், இருட்டு பாதசாரியின் ஆபத்தைப் பல மடங்கு உயர்த்தியது. வண்டியோடு வண்டி மோதுவதில் அவ்வளவு மாற்றமில்லை. விளக்குள்ள வண்டி இருட்டிலும் தெரியும், விளக்கில்லாத மனிதர்தான் தெரியமாட்டார்.

இதை மீட்டர் கணக்கில் போடலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோடு லாரியின் ஓட்டுநர் எதையாவது கண்டு, காலைத் தூக்கி பிரேக்கில் வைப்பதற்குள் 30 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 50 மீட்டர். டிம் அடித்து வரும் விளக்கில் கறுப்புச் சட்டைக்காரர் 50 மீட்டரில் கண்ணில் பட்டால் அதுவே அதிகம். கண்டுவிட்டாலும் நிறுத்த முடியாது.

யாமத்து இருட்டில் லாரி மோதுவது மட்டுமல்ல, மோதப்படவும் செய்கிறது. 1967 ஜூன் 29, யாமம் முடிந்த சற்று நேரத்தில், அதிகாலை 2 மணிக்கு மேல், அமெரிக்காவின் லூசியானாவில் கொசு மருந்துப் புகை மூடிய சாலையில் மெல்லப் போய்க்கொண்டிருந்த லாரியின் பின்புறத்துக்குள் ஒரு கார் புகுந்தது. நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் இறந்தார். லாரியின் பின்னால் தாழத் தொங்கும் குறுக்குக் கம்பியை இன்றும் அந்த நாட்டில் அவர் பெயரால் அழைக்கிறார்கள். நம் பைபாஸ் ஓரங்களில் ஜாக்கி போட்டு, பின்னால் இரண்டு கல்லும் ஒரு வேப்பங்கொத்தும் வைத்து நிறுத்திய லாரிகள் இதே வேலையைச் செய்கின்றன.

இதற்கு மலிவான மருந்து ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1993 டிசம்பர் முதல் செய்யப்படும் டிரெய்லர்களில் பக்கத்திலும் பின்னாலும் ஒளி திருப்பும் பட்டை ஒட்டுவது கட்டாயம். 2001-ல் அரசே அதன் பலனை அளந்தது. இருட்டில் டிரெய்லரின் பக்கத்திலும் பின்னாலும் மோதும் விபத்து 29 சதவீதம் குறைந்திருந்தது. தெருவிளக்கே இல்லாத சாலையில் 41 சதவீதம். நம்மிடமும் இந்த விதி இருக்கிறது. தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வண்டியைக் காட்டும் நாளில் பளபளக்கும் பட்டை அடுத்த மழைக்குள் சேற்றில் மறைந்துவிடுகிறது.

எஃப்.ஐ.ஆரில் தூக்கம் இல்லை

அசதியால் எத்தனை விபத்து என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், லாரி ஓட்டுநர் இறந்த 182 விபத்துகளைத் துருவி 1990-ல் 31 சதவீதத்தில் அசதி என்றது. 2001 முதல் 2003 வரை நடந்த 963 விபத்துகளை ஆராய்ந்த பெரிய அரசு ஆய்வு, 13 சதவீத லாரி ஓட்டுநர்களே அசந்திருந்ததாகச் சொன்னது. முன்னது ஓட்டுநரே இறந்த விபத்து, பின்னது எல்லாக் கடும் விபத்தும். எதை மாதிரியாக எடுக்கிறோமோ அதற்கேற்ப அளவும் மாறுகிறது. இரண்டிலும் ஆய்வாளர்கள் அசதியைத் தேடினார்கள், அதனால் கண்டார்கள்.

நம் பதிவேடுகள் தேடுவதே இல்லை. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்ற வாசகம் தமிழ்நாட்டின் எந்தக் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையிலும் அச்சுப் பிசகாமல் இருக்கும். அவையெல்லாம் சேர்ந்து தேசிய அறிக்கையில், 2022-ன் சாவுகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று உருவெடுக்கின்றன. குடிபோதைக்கு ஒரு கட்டம், செல்போனுக்கு ஒரு கட்டம், தவறான பக்கம் ஓட்டியதற்கு ஒரு கட்டம் உண்டு. தூக்கத்துக்குக் கட்டம் இல்லை. பிரேக் மிதிக்காமல் மோதிய வண்டி, மோதிய வேகத்தை வைத்து அதிவேகமாகப் பதிவாகிறது.

நேரத்தை மாற்றிப் பார்த்த சட்டங்கள்

நேரத்தைச் சட்டத்தால் ஆள முயன்ற கதைகளில் அதிகம் கற்பிப்பது அமெரிக்கக் கதை. அங்கே ஓட்டுநர் 14 மணி நேர வேலைநாளுக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். வாரக் கணக்கைப் புதிதாகத் தொடங்க 34 மணி நேர ஓய்வு வேண்டும். அந்த ஓய்வுக்குள் அதிகாலை 1 முதல் 5 வரையான நேரம் இருமுறை வந்தாக வேண்டும் என்று 2013 ஜூலையில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. இரவில் இரண்டு நாள் தூங்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். லாரித் தொழில் வேறொன்றைச் சொன்னது: ஓய்வு முடிந்த அத்தனை லாரிகளும் திங்கள் காலை 5 மணிக்கு மொத்தமாக இறங்கும், பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்கள் நடுவில். 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த நிபந்தனையை நிறுத்திவைத்தது. புது விதியால் கூடுதல் நன்மை தெரியவில்லை என்று 2017-ல் வந்த ஆய்வறிக்கை முடித்துவைத்தது. ஓட்டுநரின் கண்ணிலிருந்து எடுத்த ஆபத்தைக் காரில் போகிறவரின் மடியில் வைத்ததுதான் மிச்சம் என்பது லாரித் தொழிலின் வாதம்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. நாளைக்கு 9 மணி நேர ஓட்டம், நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை 45 நிமிட இடைவெளி. இரவு வேலை கலந்தால் 24 மணி நேரத்தில் மொத்த வேலையே 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவைத் தடைசெய்யாமல் இரவின் விலையைக் கூட்டிவைத்தார்கள். ஸ்விட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் இரவு 10 முதல் காலை 5 வரை கனரக லாரிக்குத் தடையே உண்டு, ஆனால் அது ஊர்க்காரர்களின் தூக்கத்துக்காக.

நம் இரவுத் தடைகளுக்கும் காரணம் ஓட்டுநர் அல்ல. சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் நடைமுறைக்கு வந்த இரவுத் தடை வனவிலங்குக்கானது. தேவையான தடைதான். கூடவே, பண்ணாரிச் சோதனைச்சாவடியில் காத்துக் கிடக்கும் லாரிகள் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறும் வேளையும் பிறந்தது. நகரங்களின் பகல் தடையோ நேர்மாறு. நெரிசல் நேரத்தில் நகரத்துக்குள் வராதே என்றால், வைகறைக்குள் வந்து சேர் என்பதே பொருள்.

மணிக்கணக்குக்கு 2025 வரை நமக்கும் தனிச் சட்டம் இருந்தது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொலைதூர ஓட்டத்துக்கு மட்டும் 10, 54 வரை நீட்டலாம் என்றிருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு அரை மணி ஓய்வு. அந்தக் காலத்திலேயே அருமையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்கே அது பொருந்தியது. இந்தியாவின் லாரிகளில் பெரும்பாலானவை ஒரு சில வண்டிகள் மட்டும் வைத்திருப்பவர்களுடையவை. யாரைக் காக்க வேண்டுமோ அவர் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றார். தேசிய பர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் என்ற விதியும் 2018-ல் எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே க்ளீனர்கள் மறைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க, "அண்ணே, கண்ணு சொக்குது பாருங்க" என்று தட்ட ஆளில்லை.

யார் வைத்த நேரம்?

சென்ற தை மாதம், திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடை. இரவு 2.40. பத்துச் சக்கர லாரி ஒன்று ஓரங்கட்டியது. இறங்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார், ஈரத் துண்டைத் தலையில் சுற்றினார், "டிகாஷன் தூக்கலா ஒண்ணு போடு" என்றார். ஆத்தூரில் ஜவ்வரிசி ஏற்றியிருந்தார். காலை 10 மணிக்கே வண்டியை ஆலையில் கொண்டுபோய் நிறுத்தியாயிற்று, லோடு ஏறி முடிந்தது இரவு எட்டு மணிக்கு. எழுந்தது காலை 6 மணி.

"இப்படியே ஒரு மணி நேரம் படுத்துட்டுப் போகலாமேண்ணே?"

"படுத்தா விடிஞ்சிரும் தம்பி. விடிஞ்சா நோ என்ட்ரி. அப்புறம் நாள் பூரா வெளிய நிக்கணும், பேட்டா யார் தருவா? பார்ட்டி இப்பவே நாலு தடவ போன் பண்ணிட்டான்."

அவர் விழித்து 20 மணி நேரம் 40 நிமிடம். ஆஸ்திரேலியாவில் டாசனும் ரீடும் 1997-ல் காட்டிய கணக்கின்படி, 17 மணி நேரம் விழித்தவரின் கை கண் ஒத்திசைவு ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவருடையதற்குச் சமம். 24 மணி நேரத்தில் அது 0.10 ஆகிவிடும். இந்தியச் சட்டம் பொறுக்கும் அளவு 0.03. சற்றுத் தள்ளி நின்ற காவலர்கள் ஊதச் சொன்னால் கருவி பூஜ்யம் காட்டும். அவர்கள் ஊதச் சொல்லவில்லை. நம் நெடுஞ்சாலைகளில் பல இடங்களில் செய்வதுபோல, அடுத்த லாரியை நிறுத்தி முகம் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகம் கழுவுவதால் கிடைக்கும் விழிப்பு சில நிமிடங்களுக்குத்தான். ஜன்னல் காற்றையும் ரேடியோவையும் சோதித்த ஹார்னும் ரெய்னரும், அவற்றின் பலன் சொற்பமானது, நிலைக்காதது என்றே கண்டார்கள். பலன் தந்தது ஒரு காபியும் அதைக் குடித்தவுடன் கால் மணி நேரத் தூக்கமும். காபி வேலைசெய்யத் தொடங்கும்போது தூங்கி எழுந்துவிடலாம். நம் காவலர்கள் டீயோடு ஒரு பாயும் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த ஓட்டுநர் வைகறையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆலை வாசலில் போன பத்து மணி நேரமும், நகர எல்லையில் இருக்கும் பலகையும், சரக்கு வாங்குபவரின் போனும் சேர்ந்து அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தின. காத்திருப்புக்குக் கூலி இருந்தால் ஆலை நண்பகலிலேயே ஏற்றியிருக்கும். நகரத்துக்கு வெளியே படுக்க இடமும் மறுநாள் பேட்டாவும் உறுதியென்றால் அவர் டீக்குப் பதிலாகப் படுக்கையைக் கேட்டிருப்பார். தடை விதிக்கும் அரசாணைகளும் ஓய்வு விதிக்கும் சட்டங்களும் ஓட்டுநரைப் பார்த்தே பேசுகின்றன. நேரத்தை வைப்பவர் வேறிடத்தில் இருக்கிறார்.

அவரைக் கண்டுபிடிப்பது கடினமுமல்ல. சரக்கு எப்போது கிளம்பியது, அதைக் கொண்டுபோகும் அனுமதி எப்போது காலாவதியாகும் என்று இ-வே பில் சொல்லும். எந்தச் சுங்கச்சாவடியை எந்த நொடியில் கடந்தது என்று ஃபாஸ்டேக் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எந்த ஆலையில் ஏறத்தாழ எத்தனை மணி நேரம் வண்டி நின்றது, எந்த லாரி ஏறத்தாழ எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓடியது என்று வரிசையாக வந்துவிடும். வரி வசூலிக்கவும் சுங்கம் வசூலிக்கவும் இந்த நாடு ஒவ்வொரு லாரியின் நேரத்தையும் நொடி பிசகாமல் எழுதி வைத்திருக்கிறது.

டீ டம்ளரை வைத்துவிட்டு அவர் ஏறியபோது மணி 2.55. அடுத்த சுங்கச்சாவடியின் கணினி அவர் கடந்த நேரத்தைக் குறித்திருக்கும்.